48 நாள் சாமி

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. இளங்கலை மாணவிகளுக்கு அதை நடத்தி முடித்த ஒரு மதியம், எல்லோரும் வெளியேறிய பிறகும் ஒரு மாணவி மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, சாப்பிடப் போகலையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அம்மா, நோயாளியை விட்டுட்டு வந்தா அது பாவமா?"

எங்கள் துறையில் மாணவிகள் ஆசிரியையை அம்மா என்றுதான் அழைப்பார்கள். அவள் கேட்டது தன்னைப் பெற்ற அம்மாவைப் பற்றி. அவளுடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

அவளுடைய அப்பாவை ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தார்கள். அங்கிருந்த ஆலோசகர் பலகையில் மூளையின் படம் வரைந்து, குடி என்பது கெட்ட குணமல்ல, மூளையைப் பிடித்த நோய் என்று விளக்கியிருக்கிறார். அதுவரை சரி. பிறகு அவளுடைய அம்மாவின் பக்கம் திரும்பி, "சர்க்கரை வியாதி வந்தா புருஷனை விட்டுட்டுப் போயிடுவீங்களா? இதுவும் அப்படித்தான். நீங்கதான் பொறுமையா இருக்கணும்" என்றிருக்கிறார். இருபது வருட அடிக்குப் பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தனியாகப் போவதென்று அந்த மாதம்தான் அந்த அம்மா முடிவெடுத்திருந்தார். மையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, கட்டி வைத்திருந்த பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டாராம்.

அன்று நான் அவளுக்குச் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதைத் திருத்தி எழுதிப் பார்க்கிறேன்.

என் அப்பா ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதினார். 1990களின் தொடக்கம். அரசே நடத்தும் சில்லறை மதுக்கடைகள் அப்போது வரவில்லை. அவை வந்தது 2003இல். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தனியார் பிராந்திக் கடை இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் தெருமுனையில் சைக்கிள் சத்தம் கேட்கும். ஸ்டாண்டு போடும் ஓசையை வைத்தே அந்த இரவு எப்படிப் போகும் என்று அம்மா சொல்லிவிடுவாள். ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். இரண்டு மூன்று முறை தடுமாறினால், அம்மா எங்களைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் அனுப்பிவிடுவாள். அம்மாவை அவள் என்றும் அப்பாவை அவர் என்றும் எழுதுகிறேன். அந்த இலக்கணத்தையும் அந்த வீட்டில்தான் கற்றேன்.

ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதியும் அப்பா சபரிமலைக்கு மாலை போடுவார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியற்காலைக் குளியல். 48 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். முதல் வாரத்தில் கை நடுங்கும். இரவெல்லாம் வியர்த்துத் தூக்கமில்லாமல் புரள்வார். பனிக்காலத்தில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் வரும் நடுக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அம்மா உட்பட எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே ஸ்டாண்டு தடுமாறும். ஆண்டுதோறும் அம்மா கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "சாமிக்காக 48 நாள் முடியுதே, எனக்காக ஒரு நாள் முடியாதா?"

அப்பா 2001இல் ஈரல் கெட்டு இறந்தார். கடைசி எட்டு மாதமும் அம்மாதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அறிவியல் என்ன சொல்கிறது என்று பின்னாளில் நான் தேடிப் படித்தேன்.

மூளையில் அடக்கும் செய்திகளும் தூண்டும் செய்திகளும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டி ஓடுகின்றன. அடக்கும் பணியில் முதன்மையானது காபா என்ற வேதிப்பொருள். தூண்டும் பணியில் குளுட்டமேட். மது முதலாவதைக் கூட்டி இரண்டாவதைக் குறைக்கிறது. உடல் தளர்வதும், பேச்சு குழறுவதும், பயம் விலகுவதும் அதனால்தான். தினமும் குடிப்பவரின் மூளை இதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அடக்கும் பக்கத்தைத் தளர்த்தித் தூண்டும் பக்கத்தை முறுக்கி வைக்கிறது. பிறகு ஒருநாள் மது வராவிட்டால், பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி நரம்புகள் ஓடுகின்றன. கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கிப்போவதும் உண்டு. நீண்ட நாள் அளவுக்கு மீறிக் குடித்தவர் மருத்துவர் துணையில்லாமல் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். பச்சைத் தண்ணீரின் மேல் நாங்கள் போட்ட பழி, உண்மையில் அப்பாவின் மூளைக்குள் நடந்த கொந்தளிப்பு.

இரண்டாவது டோபமைன். அதை இன்பம் தரும் வேதிப்பொருள் என்று எளிமைப்படுத்திச் சொல்வார்கள். வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டியே சொல்லும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு இடம் மாறியது. குடிப்பவருக்குக் கடையின் விளக்கு, கூட்டாளியின் குரல், வேலை விடும் நேரம் எல்லாம் அந்த விளக்கைப் போன்றவைதான். டெரி ராபின்சனும் கென்ட் பெர்ரிட்ஜும் 1993இல் ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்தார்கள்: ஒன்றை வேண்டுவதும் அதை ரசிப்பதும் மூளையில் வேறு வேறு வேலைகள். போதைக்கு அடிமையானவரிடம் வேட்கை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. ரசனை வளர்வதில்லை, தேயவும் செய்யலாம். அப்பா கடைசி ஆண்டுகளில் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தது நினைவுக்கு வருகிறது. பிடிக்காத ஒன்றைத் தேடித் தேடிப் போனார்.

மூன்றாவது, ஜார்ஜ் கூப் போன்றவர்கள் விளக்கிய இருண்ட பக்கம். நாளாக ஆக, மது இல்லாத நேரங்களில் மூளையின் அழுத்த அமைப்பு விழித்துக்கொள்கிறது. எரிச்சலும் பதற்றமும் வெறுமையும் மிகுகின்றன. தொடக்கத்தில் சந்தோஷத்துக்குக் குடித்தவர் பிறகு தவிப்பைத் தணிக்கக் குடிக்கிறார். நெற்றிக்குப் பின்னாலிருந்து யோசித்துத் தடுக்கும் பிரீஃபிரன்டல் கார்டெக்ஸ் வலுவிழக்கிறது. முடிவெடுத்துச் செய்த காரியம், கால் தானாகப் போகும் வழக்கமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆலன் லெஷ்னர் 1997இல் போதை அடிமைத்தனம் ஒரு மூளை நோய் என்று எழுதியதற்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகள் இருந்தன. அந்தச் சொல் நல்லதும் செய்தது. குடிகாரன் என்ற வசவு குடிநோயாளி என்று மாறியது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைக் கேட்டுப் போகலாம் என்று ஆனது. அப்பாவின் காலத்தில் அந்த வார்த்தை எங்கள் ஊருக்கு வந்திருந்தால் அவர் இன்னும் சில காலம் இருந்திருக்கலாம்.

ஆனால் 48 நாளை என்ன செய்வது? ஜீன் ஹேமன் 2009இல் ஒரு நூல் எழுதினார். போதை அடிமைத்தனம் தேர்வின் கோளாறு, விளைவுகள் மாறும்போது பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். என் அம்மா அதைப் படிக்காமலேயே சொன்னாள். அவள் பக்கத்தில் ஒரு சான்று ஆண்டுதோறும் கறுப்பு வேட்டி கட்டி நின்றது.

இதைப் பல காலம் யோசித்தேன். மாலை போட்ட அப்பாவைச் சுற்றி என்னவெல்லாம் மாறியது என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். வேலை விட்டதும் பஸ் நிலையப் பக்கம் போகாமல் பஜனை மடத்துக்குப் போனார். கூட்டாளிகள் சாமியைக் கடைக்குக் கூப்பிட மாட்டார்கள். முதலாளி முதல் பலசரக்குக் கடைக்காரர் வரை எல்லோரும் கவனித்தார்கள், மதித்தார்கள். அவருக்கென்று தனிச் சமையல், தனிப் பாய். மூளை கற்றிருந்த விளக்குகளையெல்லாம் ஊரே சேர்ந்து அணைத்து வைத்தது. ஒரு மனிதனுக்கு முடியும், முடியாது என்பது அவன் மண்டைக்குள் மட்டும் தீர்மானமாவதில்லை. சுற்றி இருப்பவர்கள் என்ன ஏற்பாடு செய்கிறார்கள் என்பதும் அதில் சேர்த்தி. சாமிக்காக ஓர் ஊர் ஏற்பாடு செய்தது. அம்மாவுக்காக யாரும் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. அவள் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். அது அப்பாவை முழுக்க விடுவிக்கவும் இல்லை. தை பிறந்ததும் அதே ஏற்பாட்டைத் தொடரும்படி ஊரைக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்தானே.

அடுத்து, ஆலோசகர் பலகையில் வரையாத ஒன்றுக்கு வருகிறேன். குடிப்பது ஒரு செயல். அடிப்பது வேறொரு செயல். மூளை நோய் என்ற விளக்கம் முதலாவதைப் பற்றியது. அதை அப்படியே இரண்டாவதின் மேலும் போர்த்திவிடுகிறோம்.

ஒருநாள் இரவு, தள்ளாடிக்கொண்டு வந்த அப்பாவுக்கு எதிரே ஆலை முதலாளி வந்தார். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சைக்கிளைவிட்டு இறங்கினார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வாயை மறைத்தபடி, குரலைத் தாழ்த்தி இரண்டு வார்த்தை பேசினார். பத்து நிமிடம் கழித்து அதே கை அம்மாவின் கன்னத்தில் விழுந்தது. மது அவருடைய பிரேக்கைத் தளர்த்தியிருந்தது உண்மைதான். ஆனால் யாரிடம் பிரேக் பிடிக்க வேண்டும், யாரிடம் தேவையில்லை என்பது குடித்த பிறகும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது பிராந்தி அல்ல.

கிரெய்க் மெக்ஆண்ட்ரூவும் ராபர்ட் எட்கர்டனும் 1969இல் வெளியிட்ட நூலில் பல சமூகங்களின் குடியை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே மது, அதே மனித மூளை. ஆனால் சில சமூகங்களில் குடித்தவர்கள் சண்டைக்குப் போனார்கள், சிலவற்றில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். குடித்தால் எப்படி நடக்கலாம் என்பதை மனிதர்கள் தங்கள் சமூகத்திடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. நம் நாட்டின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வும் (2019-21) இதற்கு உதவுகிறது. கணவர் அடிக்கடி போதையேறும் அளவுக்குக் குடிக்கும் வீடுகளில் வன்முறை மிக அதிகம். அதை மறுக்க முடியாது. ஆனால் குடிக்கவே குடிக்காத கணவர்களிடமும் ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் குறையாமல் அடி வாங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய மூளையில் எந்த மது வேலை செய்தது? குடி கையை வேகமாக ஓங்க வைக்கலாம். ஓங்கலாம் என்ற அனுமதி அதற்கு முன்பே வீட்டில் இருக்கிறது. "குடிச்சாதான் அவர் அப்படி, மத்தபடி தங்கம்" என்று சொல்லும்போது அந்த அனுமதியை நாமே புதுப்பிக்கிறோம். தானே விரும்பிக் குடித்ததை நம் சட்டம்கூட மன்னிக்கத்தக்க காரணமாக ஏற்பதில்லை. குடும்பங்கள் ஏற்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், படித்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். டோபமைன், வேட்கை, நடுக்கம் எல்லாவற்றையும் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "சரி, அவருக்கு மூளையில நோய். எனக்கு வந்தது என்ன நோயாம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை மறுபடி புத்தகங்களிடம் அனுப்பியது. ஜோசப் லெடூ எலிகளிடம் அச்சத்தை ஆராய்ந்தவர். ஓர் ஒலி எழுப்பி, உடனே மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தால், பிறகு அந்த ஒலி மட்டும் கேட்டாலே எலி உறைந்து நின்றுவிடும். அதைக் கற்று வைத்திருப்பது அமிக்டலா என்ற சிறு பகுதி. யோசிக்கும் மூளை விஷயத்தை அறிவதற்கு முன்பே இதயம் வேகமெடுக்கும். மாலை போட்டிருந்த நாட்களிலும் இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் யாராவது சைக்கிள் ஸ்டாண்டு போட்டால் அம்மாவின் கையிலிருக்கும் கரண்டி நின்றுவிடும். சாமி உள்ளே பூஜையில்தான் இருப்பார். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கரண்டி நிற்கும். அப்பா போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் வண்டியை நிறுத்தினால் இன்றும் அவள் கண் வாசலுக்குப் போய்த் திரும்புகிறது.

ஒரே வீட்டில் இரண்டு மூளைகள் கற்றுக்கொண்டிருந்தன. ஒன்று கடை விளக்கைக் கற்றது. மற்றது ஸ்டாண்டு சத்தத்தைக் கற்றது. முதலாவதைப் படம் வரைந்து, பெயர் சூட்டி, பரிவு காட்டச் சொல்கிறோம். இரண்டாவதிடம் பொறுமையாக இரு என்கிறோம். மூளையை மாற்றும் நோய்க்குப் பரிவு வேண்டும் என்பது நீதி என்றால், அந்த நீதி அம்மாவுக்கும் பொருந்த வேண்டும். ஸ்டாண்டு சத்தத்திலிருந்து விலகி இருப்பதுதான் அவளுக்கான முதல் சிகிச்சை.

நாம் செய்வதோ, பெண்ணையே மருந்தாக்குவது. "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்று குடிக்கிற பையனுக்குப் பெண் தேடுகிறோம். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று சுவரெல்லாம் விளம்பரம். டைசல்ஃபிரம் போன்ற மருந்தைத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால் உயிருக்கு ஆபத்து. பழி கலந்து கொடுத்தவள் மேல் விழும். அரசுக்கோ மதுவிற்பனையால் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். விளக்கை ஏற்றி வைப்பது ஒருவர். அதை அணைக்க வேண்டிய பொறுப்பு மட்டும் அடுப்படியில் இருப்பவளுக்கு.

இந்தப் பரிவு யாருக்கெல்லாம் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட ஔவையை வகுப்பில் பெருமையாகச் சொல்வோம். இன்று ஒரு பெண் குடிநோய்க்கு ஆளானால் அவள் மூளையின் படத்தை யாரும் வரைவதில்லை. நடத்தையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சம எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும், பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அவள் ரத்தத்தில் மது அதிகமாக ஏறும். ஈரலும் சீக்கிரம் கெடும். அவள்தான் மருத்துவரிடம் முதலில் போக வேண்டும். வெட்கத்தால் அவளே கடைசியில் போகிறாள். அந்த நோயாளியை விட்டுப் போகாதே என்று எந்தக் கணவரிடமாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்படியானால் குடிப்பவரை எப்படிப் பார்ப்பது? ஹன்னா பிக்கார்ட் என்ற தத்துவவியலாளரின் ஒரு கருத்து எனக்கு வழிகாட்டியது. பொறுப்பு வேறு, பழி வேறு என்கிறார் அவர். ஒருவரை வெறுக்காமல், வசைபாடாமல், அவர் செய்ததற்கு அவரைப் பொறுப்பாக்க முடியும். அப்பாவை இப்போது நான் வெறுக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்த அந்த மனிதரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் தெளிந்திருந்த நேரங்கள் அவருக்கு இருந்தன. கன்னத்தில் விரல் பதிந்த அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்த நேரங்கள் அவை. அப்போது உதவி கேட்டிருக்கலாம். "ராத்திரி நான் வந்தா கதவைத் திறக்காதே" என்று சொல்லியிருக்கலாம். மூளை நோய் அந்தக் காலை நேரங்களைப் பறித்துக்கொள்ளவில்லை. அவற்றுக்கு அவர் பொறுப்பு.

மன்னிப்பு இதிலெல்லாம் சேராத தனிக் கணக்கு. அது அடிபட்டவளின் சொத்து. மருத்துவரோ, ஆலோசகரோ, மகளாகிய நானோ அவள் சார்பில் எடுத்துக் கொடுக்க முடியாது. கடைசி எட்டு மாதம் அப்பாவின் வயிற்றில் நீர் கோத்து வீங்கியபோது அம்மா துடைத்துவிட்டாள், ஊட்டினாள். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. ஒருத்தி பணிவிடை செய்தாள் என்பதால் மன்னித்துவிட்டாள் என்றாகாது. விலகிப் போனாள் என்பதால் இரக்கமற்றவள் என்றுமாகாது.

கள்ளுண்ணாமை அதிகாரத்தை இப்போது நடத்தும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அந்தப் பத்துக் குறளில் பெற்ற தாய் வருகிறாள். நாணம் ஒரு நல்ல பெண்ணாக உருவகமாகி வருகிறாள். குடிப்பவருக்கு முதுகைக் காட்டிப் போய்விடுகிறாள். ஊரார் வருகிறார்கள். மனைவி வரவில்லை. உருவகப் பெண் எழுந்து போகிறாள். உண்மைப் பெண்ணுக்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை.

அந்த மாணவிக்கு: பாவமில்லை. உன் அப்பா நோயாளிதான். அவருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்கும் கடமை மருத்துவத்துக்கும் அரசுக்கும் உண்டு, தேடிப் போகும் கடமை அவருக்கு உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் யாரையும் அடிப்பதில்லை என்று அந்த ஆலோசகரிடம் சொல்லலாம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவர் உன் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவரை வெளியே இருக்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். 181 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். தூரத்தில் இருந்துகொண்டும் அவருக்கு நல்லது நினைக்கலாம், மாத்திரை வாங்கி அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம்.

உன் அம்மா அந்தப் பையை மறுபடி அடுக்கினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அடுக்கும் நாளில், பையைத் தூக்க ஒரு கை குறைந்தால் என் எண் உன்னிடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். ஒன்பது மணிக்கு மேல் வந்தால், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.